கதையும் மனையறமும்

நாவலொன்று ஆசிரியரின் சொந்த வாழ்க்கையைத் தழுவியது எனக் கேள்வியுற்றதும், அதனை அவர்தம் இல்லத்தின் சாட்சிப் பத்திரமாகவே கொள்ளும் வழக்கம் வாசகரிடையே மிக்குள்ளது. மாணவர் தம் கட்டுரைகளிலும் இதனைக் காண்கின்றோம். இவ்வழக்கம் நாவலுக்கும் நீதியன்று, நாவலாசிரியரின் மனைவிக்கும் நீதியன்று என்பதே எமது கருத்து.

உருசிய ஆசிரியர் லியோ தோல்ஸ்தோயை எடுத்துக்கொள்வோம். அவர் 1862 ஆம் ஆண்டில், தமது 34 ஆம் வயதில், 18 வயதினரான சோபியாவை மணந்தார். மணத்துக்கு முன் தம் பழைய நாட்குறிப்புகளை மணமகளுக்கு வாசிக்கக் கொடுத்தார். அவற்றிற் கண்ட இளமைக்கால ஒழுக்கக் கேடுகள் அப்பெண்ணின் நெஞ்சைப் புண்படுத்தின. இந்நிகழ்ச்சியையே ‘அன்னா கரீனினா’ நாவலில் லெவின், கிற்றி என்னும் இருவர்மேல் ஏற்றியுரைத்தார். கிற்றி அழுகின்றாள், பின்னர் மன்னிக்கின்றாள். சோபியாவுக்கோ அப்புண் நெடுங்காலம் ஆறவில்லை என்பதற்கு அவர்தம் நாட்குறிப்பே சான்று.

லெவின் தம்பதியரை இல்லறத்தின் இளமைக் காலத்திலேயே விட்டு நாவல் முடிகின்றது. தோல்ஸ்தோய் தம்பதியரின் இல்லறமோ 48 ஆண்டுகள் நீண்டது. பதின்மூன்று மக்களைப் பெற்று, கணவரின் கையெழுத்துப் படிகளையும் பெயர்த்தெழுதி உதவிய அம்மையாரை விட்டு, 1910 இல் தோல்ஸ்தோய் இரவோடிரவாக வெளியேறினார். சின்னாட்களில் அஸ்தாபோவோ என்னும் புகையிரத நிலையத்தில் உயிர்நீத்தார்.

மனைவிமேற் கொண்ட ஐயத்தால் அவளைக் கொன்ற கணவனின் கதையாகிய ‘குரோய்ட்சர் சொனாற்றா’வை அவர் 1889 இல் எழுதி முடித்தார். அதனைத் தம் வீட்டுக் கதையென ஊரார் கருதியமை சோபியாவை வருத்தியது. எனினும், தடைசெய்யப்பட்ட அக்கதையைக் கணவரின் நூற்றொகுதியிற் சேர்க்க அனுமதி வேண்டி, 1891 இல் பேரரசரை நேரிற் கண்டவர் அவரே. பின்னர் ‘யார் குற்றம்?’ என மறுகதையொன்றும் எழுதினார். அது அச்சேறியது 1994 இலேயே. அப்போது அவர் மறைந்து 75 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அம்மறுகதையும் கதையே, அதனையும் சாட்சியமாகக் கொள்ளுதல் தகாது. நாவலில் எழுதுபவர் ஒருவர். மனையறத்தில் வாழ்பவர் இருவர். எடுப்பதும் விடுப்பதும் முடிப்பதும் எழுதுபவர் உரிமை. அவ்வுரிமையாலேயே நாவல் கலையாகின்றது. அதனாலேயே சாட்சியமாகாது போகின்றது.

ஆகவே, மாணவர்காள், நாவலை நாவலாகவே சுவைமின். ஒருவரின் இல்லறத்துக்குத் தீர்ப்புக் கூறப் புகுமுன், மற்றவர் சொல்லையும் கேண்மின்.