ஈரம் காய்வதற்குள் ஒரு பூ

சாணக்யபுரியின் சாந்தி பாத் சாலையோரப் பாத்திகளில் அண்மை ஆண்டுகளாகப் பிப்ரவரி மாதத்தில் பூத்து நிற்கும் டியூலிப் மலர்கள், புதுதில்லி நகராட்சிக் கவுன்சில் நெதர்லாந்திலிருந்து தருவித்து நட்ட கிழங்குகளிலிருந்து எழுந்தவை. செந்நிற வகையின் ஓர் இதழைக் கூர்ந்து நோக்குவோர், நிழல் விழும் அடிப்பகுதி அடர்சிவப்பாகவும் வெயில் படும் புடைப்பு வெளிறியும் இருப்பதையும், எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி நிறம் நழுவிச் செல்வதையும் காண்பர். அந்த நழுவலைத் தாளில் பிடிப்பதற்காகவே, கையால் வாழ்த்து அட்டை செய்வோரில் பலர் இன்று ஆல்கஹால் மார்க்கரை நாடுகின்றனர்.

சாயத்தை எத்தனால் போன்ற ஆல்கஹாலில் கரைத்து நிரப்பிய பேனாவே ஆல்கஹால் மார்க்கர். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க, எத்தனால் சுமார் 78 டிகிரியிலேயே கொதிப்பதால், இந்த மை தாளில் பட்ட சில நொடிகளிலேயே காயத் தொடங்கிவிடுகிறது. நீர் மை காகித நாரை ஊறவைத்து உப்பச் செய்வதால், இரண்டாம் முறை பேனா ஓடும்போது தாள் பிசிறு கிளம்பிக் கெடுகிறது. ஆல்கஹால் மையோ நாரைப் பெரிதும் தொந்தரவு செய்யாமல், முன்பு பூசிய சாயத்தை மறுபடியும் கரைத்துத் தன்னோடு கலந்துகொள்கிறது. பேனாவின் தடம் கோடு கோடாகத் தெரியாமல் மறைவது இதனால்தான். ஜப்பானின் டூ நிறுவனம் 1987இல் காப்பிக் மார்க்கரை வெளியிட்டபோது, நகல் எந்திரப் படிகளின் மீது வண்ணம் தீட்டும் வடிவமைப்பாளர்களை மனத்தில் கொண்டு, டோனர் எனப்படும் கருந்தூளைக் கரைக்காத மையாக அதை உருவாக்கியது. பூவின் கோட்டுருவத்தை ஒருமுறை வரைந்து, அதற்குப் பத்துப் படிகள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வண்ணம் தீட்டும் வசதியை அட்டை செய்வோர் இன்றும் அனுபவிப்பது அந்த முடிவின் பயனே.

டியூலிப்புக்கு ஒரே நிறக் குடும்பத்தின் மூன்று பேனாக்கள் போதும். காப்பிக் வரிசையில் எழுத்து நிறக் குடும்பத்தையும் கடைசி இலக்கம் அடர்த்தியையும் குறிப்பதால், ஆர் 22, ஆர் 24, ஆர் 27 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வெளிறிய நிறத்தை இதழ் முழுவதும் ஈரம் தங்கும் அளவுக்குப் பூசி, மை கோட்டைத் தாண்டிக் கசியும் இயல்புடையது என்பதால் விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்த வேண்டும். ஈரம் இருக்கும்போதே நடுநிறத்தை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து, இழுப்பின் முடிவில் பேனாவைத் தாளிலிருந்து மெல்லத் தூக்கினால், கோட்டின் நுனி மெலிந்து கரையும். அடர்நிறம் அடியில் மட்டும். இறுதியில் முதல் பேனாவையே மீண்டும் எடுத்து, இரு நிறங்கள் சந்திக்கும் எல்லையின் மேல் ஓட்டினால் எல்லை அழிந்துவிடும். தில்லியின் மே மாத வறண்ட வெப்பத்தில் இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் தாள் காய்ந்துவிடும் என்பதால், பெரிய இதழ்களைத் தவிர்த்துச் சிறு பூக்களைத் தேர்வது நல்லது.

ஆயினும் இக்கருவியின் முழுத் திறனும் வெளிப்படுவது டியூலிப்பில் அன்று, செங்காந்தளில்தான் என்று கருத இடமுண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும், மழைக்காலத்தில் வேலிகளில் படர்ந்து கார்த்திகைப் பூ என்று பெயர் பெற்றதுமான அது, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டிக் கொடியேறி, ஓரம் நெளிந்த ஆறு இதழ்களைப் பின்னோக்கி மடித்து விரிக்கிறது. இதழ் முதலில் பச்சையாகவும், பின்பு மஞ்சளாகவும், அதன்பின் நுனியிலிருந்து சிவந்தும் மாறுகிறது. ஆல்கஹால் மையில் பச்சையின் மேல் சிவப்பை நேரடியாகப் பூசினால், இரண்டும் கரைந்து சேறு போன்ற பழுப்பாகிவிடும்; இடையில் மஞ்சளை வைத்தால் பச்சையும் தெளிவாக நிற்கும், சிவப்பும் ஒளிரும். செங்காந்தள் தன் இதழில் அதே வரிசையைத்தான் வைத்திருக்கிறது. தமிழ்நாடு இல்லம் இருக்கும் இதே சாணக்யபுரியிலிருந்து ஊருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும் ஒருவர், டியூலிப்பில் கை பழகிய பின் இந்தப் பூவை முயல்வது எவ்வளவோ பொருத்தமானது.

சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் தை பிறக்குமுன் கடை வாசல்களில் தொங்கிய காலம் கைபேசியின் வருகையோடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அச்சு அட்டை மறைந்ததால் கையட்டைக்கு மதிப்புக் கூடியது என்பது பாதி உண்மையே. இங்கிலாந்தில் ஹென்றி கோல் 1843இல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் வணிக அட்டையிலேயே, கல்லச்சில் பதித்த கோடுகளுக்கு ஆட்கள் கையால்தான் வண்ணம் தீட்டினர். ஆகவே கைவண்ணம் அச்சுக்குப் பின் வந்த ஏக்கம் அன்று, வாழ்த்து அட்டையோடு கூடவே பிறந்தது.

ஆல்கஹால் மையின் குறை ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மையில் கரையாமல் துகளாக நிற்கும் நிறமி வெளிச்சத்தைப் பெரும்பாலும் தாங்கும். கரைந்து நிற்கும் சாயமோ வெயில் பட்டால் வெளுக்கும். இதனால் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு ஆல்கஹால் மார்க்கர் ஏற்றதன்று. உறைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருட்டில் கிடக்கும் வாழ்த்து அட்டைக்கு அந்தக் குறை அவ்வளவாகப் பொருட்டல்ல. அட்டையின் முகப்பில் அல்லாமல் உட்பக்கத்தில் பூவை வைத்தால், திறக்கும்போது மட்டுமே அதன் மேல் வெளிச்சம் படும். மை தாளின் பின்புறம் வரை ஊடுருவும் என்பதால், பூவை வழவழப்பான மார்க்கர் தாளில் தனியே தீட்டி, நன்கு காய்ந்த பின் வெட்டி, கனமான அட்டையில் ஒட்டுவதே முறை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதும் வாழ்த்தையும் அனுப்புவோரின் பெயரையும் நிறமி மை கொண்ட மெல்லிய பேனாவால் எழுத வேண்டும். பூ சற்று வெளுத்த பிறகும் எழுத்து அப்படியே கறுப்பாக நிற்கும்.