காசு நம்முடையது; பதிப்பகம் யாருடையது?

ஆய்வுலக நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும்,

சென்ற மாதம் இஞ்சிவிளையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். என் ஆய்வுக்குச் சொற்களை வழங்கியவர்களுள் ஒருவரான முதிய பனையேறி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்டார்: “மக்களே, எனக்க சொல்லையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனியே, பொஸ்தகம் வந்துதா?” வந்துவிட்டது என்றேன். “எங்க கிட்டும்?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் பனைத்தொழிலை ஒட்டி வழங்கும் சொற்களைப் பற்றியது அந்நூல். அது வெளிவந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. தம் முத்திரையை அட்டையில் இட்டுத் தருவதற்காக ஒரு நிறுவனத்தார் என்னிடம் நாற்பதாயிரம் ரூபாய் பெற்றனர். எனக்கு ஐம்பது படிகள் வந்தன. விலை 650 ரூபாய். மெய்ப்புப் பார்த்த தடயமே இல்லை. ‘அக்கானி’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் யாரோ ‘அக்கினி’ என்று திருத்தியிருந்தார்கள். அந்த ஐம்பது படிகளும் பேராசிரியர்களின் அலமாரிகளுக்குச் சென்றன. சொல் தந்தவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. நிறுவனத்தின் பெயரை நான் கூறப்போவதில்லை. கூறினால் அது ஒருவர் மீதான புகாராகச் சுருங்கிவிடும். நான் பேச விரும்புவது நம் அனைவரின் பழக்கமாகிவிட்ட ஒரு பிழையைப் பற்றி.

‘சொந்த வெளியீடு’ என்றால் கல்விப்புலத்தில் ஓர் இளக்காரம் இருக்கிறது. எந்தப் பதிப்பகமும் ஏற்காததால் தாமே அச்சிட்டுக்கொண்டார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோம். அப்படிச் சொல்லும் நாமே பணம் கட்டி வேறொருவர் முத்திரையைப் பெற்றுக்கொள்கிறோம். செலவு நம்முடையது, தட்டச்சு நம்முடையது, மெய்ப்பு நம்முடையது, விற்கும் பொறுப்பும் நம்முடையது. பதிப்புரிமையும் பதிப்பகப் பெயரும் மட்டும் பிறருடையவை. இதுவும் சொந்த வெளியீடே. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் துணிவில்லாத சொந்த வெளியீடு. இந்த வழக்கத்தை விட்டொழித்து, காசு நம்முடையதாயின் பெயரையும் நம்முடையதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

தம் முதலீட்டில், தம் ஆசிரியர் குழுவின் உழைப்பில் நூல் கொண்டுவரும் பதிப்பகங்களைப் பற்றி நான் பேசவில்லை. அத்தகையோர் உங்கள் கையெழுத்துப்படியை ஏற்றால் மகிழ்ந்து கொடுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ஆசிரியரிடமே பணம் வாங்கும் இடத்தில் வாசகர் தேவைப்படுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அங்கே நூல் அச்சாகும் முன்பே வணிகம் முடிந்துவிடுகிறது.

இந்நிலைக்கு நம்மை இட்டுவந்தது எது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நூலொன்றுக்குப் பன்னாட்டுப் பதிப்பகமாயின் 12 புள்ளிகளும், தேசியப் பதிப்பகமாயின் 10 புள்ளிகளும், தொகை நூலில் ஓர் இயலுக்கு 5 புள்ளிகளும் வழங்குகின்றன. நூலுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது எளிதில் எண்ணக்கூடியது. எண்ணக்கூடியதை விற்பதற்குக் கடைகள் திறந்துவிட்டன. வேலையில்லா ஆய்வாளர் தம் உதவித்தொகையின் மிச்சத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் கொட்டியவன். ஆனால் நேர்முகத் தேர்வில் அமர்ந்து அட்டையை மட்டும் புரட்டிப் பார்க்கும் மூத்தோரைக் குறை சொல்வேன். இரண்டு பக்கம் படித்திருந்தால் பனையிலிருந்து அக்கினி வடிவதைக் கண்டிருப்பார்கள்.

சொந்த வெளியீடு இழிவு என்ற எண்ணத்துக்கு நம் வரலாற்றில் இடமே இல்லை. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். இன்று இணையத்தில் ‘முன்பதிவு’ என்று நாம் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலப் பேசும் முறை அதுதான். 1891இல் சி. வி. ராமன் பிள்ளை ‘மார்த்தாண்டவர்மா’ நாவலைச் சென்னையில் அச்சிட்டுத் தாமே வெளியிட்டார். மலையாள வரலாற்று நாவலின் தொடக்கமே ஆசிரியர் வெளியீடுதான். 1920இல் கடையத்திலிருந்த பாரதி, தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகவும் ஒவ்வொன்றையும் பத்தாயிரம் படிகளாகவும் அச்சிடத் திட்டம் தீட்டி நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் திரளவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். திட்டம் தோற்றதற்காக அதை எவரும் இழிவென்று சொன்னதில்லை.

நமக்கு மிக அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தைச் சேர்ந்த தோப்பில் முஹம்மது மீரான் திருவிதாங்கூர்க் காலத்தில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர். தம் தமிழை மலையாள எழுத்தில் எழுதிப் பின்னரே தமிழ் எழுத்துக்கு மாற்றச் செய்தவர். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானபோது அதைத் தம் பொறுப்பிலேயே வெளியிட்டார். 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தக் கடற்கரைப் பேச்சைத் ‘திருத்தி’க் கொடுக்கச் சொல்லும் ஒருவருக்காக அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்நாவல் எந்த மொழியில் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லைக் கிராமங்களைப் பற்றி எழுதுவோருக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இங்கே வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் மலையாளம் படித்தும் வளர்ந்தவர்கள் பலர். என் பனையேறிப் பாட்டாவின் பேரப்பிள்ளைகள் ‘முருக்குத்தடி’ என்ற சொல்லை அறிவார்கள். தமிழ் எழுத்தில் அதைப் படிக்க அவர்களால் இயலாது. அவர்களுக்கான நூலில் சொற்பட்டியல் மட்டுமேனும் மலையாள எழுத்திலும் இருக்க வேண்டும். தொலைவிலிருக்கும் முத்திரை விற்பவருக்கு இது வீண் தொல்லை. சொந்தமாக வெளியிடுபவருக்கு இது பத்துப் பக்கக் கூடுதல் செலவு, அவ்வளவே.

தமிழகத்தின் கையொப்ப முறையோடு, நாம் வாழும் கேரளம் தந்த வழிகளும் நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலில் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்கள் கூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தன. 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்கள் அறிவியல் நூல்களைப் பையில் சுமந்து வீடுவீடாக விற்றார்கள். அவர்களுள் ஆசிரியர்கள் பலர். நூலை விற்பதால் அவர்கள் மதிப்புக் குறைந்ததாக எவரும் கருதவில்லை. நமக்குத்தான் தம் நூலைப் பற்றித் தாமே பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஐம்பது படிகளைக் கையெழுத்திட்டு இலவசமாகக் கொடுப்போம். ஒரு படியை விலை சொல்லி விற்க நாக்கு எழாது.

இனி, செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன். என்னைப் போல் பணத்தை இழந்த பின் கற்க வேண்டாம்.

முதலாவது, நூல் எண். ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருவதற்கென்று தனிக் கட்டணம் கேட்பார்கள். இந்தியாவில் அதை வழங்குவது தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. இணையவழி விண்ணப்பம், ஆசிரியரே தம் பெயரில் பெறலாம், கட்டணம் கிடையாது. அந்த எண் நூலுக்கான அடையாளம் மட்டுமே. தரச் சான்றிதழ் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, உரிமை. எந்த ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்று ஆவணத்தில் கால அளவு குறிக்கப்படாவிடில் அது ஐந்து ஆண்டுகளே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். முன்பே கையெழுத்திட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஆவணத்தை எடுத்து இவ்விரண்டையும் பாருங்கள். 1910இல் ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகத்தைத் திருவிதாங்கூர் அரசு பறித்து, அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. அவர் பிறந்தது நெய்யாற்றின்கரையில். அவரிடம் காவலரை அனுப்பித்தான் எழுத்துரிமையைப் பறிக்க வேண்டியிருந்தது. நாமோ பணமும் கொடுத்து, கையெழுத்தும் இட்டு, உரிமையைத் தூக்கிக் கொடுக்கிறோம்.

மூன்றாவது, ஆய்வேடு வேறு, நூல் வேறு. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அதையே இயல் பகுப்பு மாறாமல், ‘ஆய்வின் நோக்கம்’, ‘ஆய்வின் எல்லை’ என்ற தலைப்புகளோடு 650 ரூபாய்க்கு யார் வாங்குவார்? கோட்பாட்டு இயலைச் சுருக்குங்கள். களத்தில் கேட்டதை விரியுங்கள். அதைத்தான் வாசகர் வேறெங்கும் பெற முடியாது.

நான்காவது, தரம். ‘சொந்த வெளியீட்டைச் சரிபார்ப்பவர் யார்?’ என்பது நேர்மையான வினா. பணம் வாங்கும் முத்திரையும் சரிபார்ப்பதில்லை என்பது அதற்குப் போதிய விடையாகாது. ஆகவே நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்: துறை அறிந்த இருவர், மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவர், களத்திலிருந்து ஒருவர். படித்தவர்களின் பெயர்களை, அவர்கள் இசைவோடு, நூலிலேயே அச்சிடுங்கள். பெயர் அச்சாகும் என்றால் படிப்பவரும் கவனமாகப் படிப்பார். பாட்டாவுக்கு என் பக்கங்களை வாசித்துக் காட்டியிருந்தால் ‘அக்கினி’ அச்சுக்கே போயிருக்காது.

ஐந்தாவது, அளவும் விலையும். ஆயிரம் படி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்காதீர்கள். இன்றைய மின்னச்சில் நூறு, இருநூறு படிகள் அடித்து, தீர்ந்தபின் மீண்டும் அடிக்கலாம். ஒரு படியின் அடக்கச் செலவு சற்றுக் கூடும். முடங்கும் பணம் பெரிதும் குறையும். முன்கையொப்பம் பெற்றபின் அச்சுக்குக் கொடுங்கள். அறுபது பேர் முன்பணம் தராத நூலுக்கு அறுநூறு படி எதற்கு?

ஆறாவது, அனுப்புதல். 2025 மே முதல் அஞ்சல்துறையின் ‘கியான் போஸ்ட்’ நடைமுறையில் இருக்கிறது. விளம்பரமின்றி, அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் பொறித்த கல்வி, பண்பாட்டு நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், ஐந்து கிலோ வரை 100 ரூபாய்க்கும் அனுப்பலாம், வரி தனி. களியக்காவிளையிலிருந்து அனுப்பினாலும் பாறசாலையிலிருந்து அனுப்பினாலும் கட்டணம் ஒன்றே. மாநில எல்லை அஞ்சலுக்குத் தெரியாது.

ஏழாவது, சேமிப்பு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடுபவர் முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும். வெளியிடுபவர் நீங்களே என்றால் கடமையும் உங்களுடையதே. பலர் இதைச் செய்வதில்லை. ஐம்பது ஆண்டுக்குப் பின் உங்கள் நூலைத் தேடி வரும் ஆய்வாளரை எண்ணி அந்த நான்கு படிகளை அனுப்புங்கள்.

எட்டாவது, வெளியீட்டு விழா. பல்கலைக்கழகக் கருத்தரங்க அறையில் பொன்னாடைகளுக்கு இடையில் நடத்தாதீர்கள். ஊர் நூலகத்தில் ஒரு ஞாயிறு மாலை நடத்துங்கள். முதற்படியைத் துணைவேந்தருக்குத் தராமல் சொல் தந்தவருக்குத் தாருங்கள். இலவசப் படிகளுக்கு முதல் உரிமையாளர்கள் அவர்களே. பேராசிரியர்கள் மாதச் சம்பளம் பெறுகிறார்கள். அவர்கள் விலை கொடுத்து வாங்கட்டும்.

‘இதற்குப் புள்ளி கிடைக்குமா?’ என்று கேட்பீர்கள். கிடைக்காமல் போகலாம்; மறைக்க மாட்டேன். புள்ளிக்கு வேண்டியதை, மதிப்பிட்டு வெளியிடும் ஆய்விதழ்களில் கட்டுரைகளாக எழுதித் தேடுங்கள். அது கடினம், ஆனால் பணம் கொடுத்து வாங்கிய முத்திரையைவிட நெடுநாள் நிற்கும். நூலை மட்டும் வாசகருக்கென்று விட்டுவையுங்கள்.

நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். என் ஒப்பந்தத்தில் கால அளவு குறிக்கப்படவில்லை. ஐந்து ஆண்டு முடிய இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அதற்குள், என்னை ஒத்த எல்லைப்புற ஆய்வாளர் நால்வர் ஐவராயினும் சேர்ந்து ஒரு சிறு கூட்டுறவு வெளியீடு தொடங்க இயலுமா என்று பார்க்கிறேன். முதல் வேலையாக, மலையாள எழுத்தும் தமிழெழுத்துமாகப் பனைத்தொழிற் சொற்பட்டியல் ஒன்றைப் புதிதாக எழுதி, 48 பக்கச் சிறுநூலாகக் கொண்டுவர எண்ணம். விலை 40 ரூபாய்க்கு மிகாது. விருப்பமுள்ளோர் கீழே எழுதுங்கள், மறுப்புள்ளோரும் எழுதுங்கள்.

பாட்டாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அடுத்த முறை இஞ்சிவிளையில் அவர் “எங்க கிட்டும்?” என்று கேட்டால், என் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.