மனனமும் மதிநுட்பமும்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் என் இல்லம் வந்திருந்தார். விமானி உரிமத்துக்குரிய எழுத்துப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்பவர். “ஐயா, செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்திலும், வட்டமான கணிப்புத் தட்டைச் சுழற்றிக் காற்றின் விலகலைக் கணக்கிடும்படி கேட்கிறார்கள். இன்று எவர் அவ்வாறு பறக்கிறார்?” என்று வினவினார். சிறிது நேரத்தின் பின், “பழைய வினாத் தொகுதியை மனனஞ் செய்தாற் போதும், சித்தியடையலாம்” என்றும் ஒப்புக்கொண்டார்.

அவர் முதலிற் கூறியது குறையன்று. பின்னர்க் கூறியதே குறை என்பது என் கருத்து. விமான நுட்பம் யான் அறியேன். ஆயினும் பரீட்சை என்னும் பொருளில் இருபதாண்டுப் பழக்கம் உண்டு.

பழைய அறிவு பயனற்றதென்று எளிதிற் சொல்லிவிடலாகாது. அண்மை ஆண்டுகளில், போர் நிகழும் நாடுகளுக்கு அண்மையிற் செல்லும் விமானங்களின் செயற்கைக்கோட் சமிக்ஞைகள் குழப்பப்படுகின்றன. அவ்வேளையில் நிலத்து வானொலி நிலையமும் திசைகாட்டியும் மனக்கணக்குமே துணை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு செலுத்துபவர் கைத்தொலைபேசியில் வரைபடம் வைத்திருப்பினும், சோழகத்தையும் கச்சானையும் முகத்தால் உணர்ந்தே சுக்கானைத் திருப்புகிறார்.

வலவன் ஏவாது செல்லும் வானூர்தியைப் புறநானூற்றுப் புலவர் கற்பனை செய்தார். இன்று தன்னியக்கக் கருவி அதனைப் பெரும்பாலும் மெய்ப்பித்துள்ளது. எனினும் 2009 யூன் 1ஆம் நாள், றியோ டி ஜெனீறோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற எயார் பிரான்சு விமானத்தில், வேகமானிக் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்தன, தன்னியக்கம் விலகிற்று. விமானத்தின் மூக்கு மேலே உயர்த்தப்பட்டது. இறக்கைகள் தாங்கும் வலுவை இழந்தன. 228 பேர் அத்திலாந்திக் கடலில் மாண்டனர். அந்நிலையில் மூக்கைத் தாழ்த்தவேண்டும் என்பது பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். உரிமம் பெற்றோரே அவ்விமானத்தைச் செலுத்தினர். ஏட்டில் இருந்த அறிவு வேண்டிய கணத்தில் கைக்கு வரவில்லை.

ஆகவே நீக்கவேண்டியது பாடத்தை அன்று, வினவும் முறையையே. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்து, 100க்கு 75 புள்ளி பெறுவது நினைவின் அளவையேயன்றி மதியின் அளவையன்று. “இரு வேகமானிகள் முரண்படுகின்றன, எதனை நம்புவீர்? ஏன்?” என்று வினவுக. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகாமை அறிவு, திறன், மனப்பாங்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே மதிப்பிடும் பகுதியொன்றைப் பாடத்திட்டத்திற் சேர்த்துள்ளது. எமது நாட்டுச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையும் இந்நெறியில் மேலும் செல்லுதல் நன்று.

பிறரைக் குறைகூறி முடித்தல் முறையன்று. வினாத் தொகுதியை மனனஞ் செய்யும் பழக்கத்தை அம்மாணவர் பறப்புப் பள்ளியிற் கற்கவில்லை; எம் வகுப்பறையிலேயே கற்றார். கடந்த காலப் பரீட்சைத் தாள்களைக் கையிற் கொடுத்து, “இது வரும், இது வராது” என்று சொன்னவன் யானே. 2019இற் பலாலி பன்னாட்டு விமான நிலையமாயிற்று. தீவகத்துப் பிள்ளை ஒருவர் ஒருநாள் அங்கே விமானத்தை இறக்கக்கூடும். அன்று அவர் பின்னே அமர்ந்திருப்போரின் உயிர், அவர் பெற்ற புள்ளியில் அன்று, அவர் விளங்கிக்கொண்ட பொருளிலேயே தங்கியிருக்கும்.