வேலைக்கு அழைப்பவர் யார்?



விழுப்புரம், திண்டிவனம் பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைப் பாருங்கள். தமிழகத்தில் அதைத் தைக்கும் வேலையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு தருகிறது. அதனால் பல ஏழை வீடுகளில் அடுப்பு எரிகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படி ஒரு வழி உண்டா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. ஆனால் தேர்வெழுதி உள்ளே நுழைய முடியாத, கடும் ஊனமுற்றோர் என்ன செய்வார்கள்? மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு ஒதுக்கியது. 2018-இல் பெண்களுக்கு 3 விழுக்காடு சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அவற்றில் தனிப் பங்கு இல்லை.

அமெரிக்காவோ பார்வையற்றோர் செய்யும் பொருட்களை அரசே வாங்க 1938-இல் சட்டம் இயற்றியது. 1971-இல் கடும் ஊனமுற்றோரையும் சேர்த்தது. ஆனால் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுப்பதை அத்திட்டம் 2022-இல்தான் தடுத்தது. ஆகவே வேலை மட்டும் போதாது, நியாயமான கூலியும் வேண்டும்.

திராட்சைத் தோட்ட உவமையில் மாலைவரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை யாரும் அழைக்கவில்லை. அரசிடம் கேட்போம். அதற்குமுன், திருவிழாவுக்கு மெழுகுதிரியும் துணிப்பையும் வாங்கும்போது, அவர்கள் செய்ததை நியாய விலை கொடுத்து நாமே வாங்குவோம்.