விளையாட்டுப் பெட்டியின் வேகம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, உட்துறைமுக வீதியிலிருந்து மாணவன் ஒருவன் நம் வீட்டுக்கு வந்தான். துவாயிற் சுற்றிய பொதியொன்றைக் கையிலே ஏந்தியிருந்தான். பிரித்துப் பார்த்தால், தூசு படிந்த மெகா டிரைவ்! யப்பானிய சேகா நிறுவனம் 1988இல் முதன்முதல் வெளியிட்ட தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டி. கனடாவுக்குப் போன தாய்மாமன் விட்டுச் சென்றதாம்.

"சேர், இதைத் திறந்து வேகமாக்கலாமோ? அம்மா தொடவே விடமாட்டன் என்கிறா."

அம்மையாரின் அச்சம் நியாயமானதே. அதே போன்ற பெட்டியை எங்கேனும் வாங்கலாம். அண்ணனுடைய பெட்டியை வாங்க முடியுமா? ஆகவே, பற்றாசுக்கோலை எடுக்குமுன் பையனிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "எது மெதுவாக ஓடுகிறது?" அவன் விழித்தான். இவ்விஷயத்திலே பலரும் இடறுமிடம் இதுதான்.

நம் கரையிலே கரைவலை இழுப்போரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார். அந்தத் தாளத்துக்கு மற்றவர் கயிற்றை இழுப்பர். இப்பெட்டியிலோ தாளங்கள் இரண்டு. ஒன்று, கணக்குப் போடும் மோட்டரோலா 68000 சில்லுக்குரியது. விநாடிக்கு ஏறத்தாழ 76 இலட்சம் துடிப்பு. மற்றது, திரையிலே படம் வரையப்படும் தாளம். யப்பானில் அது விநாடிக்கு 60 தடவை. நம் நாட்டுத் தொலைக்காட்சி கைக்கொண்ட பால் முறையிலோ 50 தடவை.

அக்கால விளையாட்டுகள் பலவும், ஒரு படத்துக்கு ஓர் அடி என்னும் கணக்கிலே எழுதப்பட்டவை. ஆகவே அங்கே 60 விநாடியில் முடியும் ஓட்டம் இங்கே 72 விநாடி எடுக்கும். 1991இல் வந்த சோனிக் என்னும் நீல முள்ளெலியின் கதியும் அதுவே. உடன் வரும் இசைகூட இழுபட்டே ஒலித்தது. வேகத்துக்குப் பேர்போன முள்ளெலியை நம் பிள்ளைகள் நொண்ட வைத்தே விளையாடினர்; அதுதான் அதன் வேகமென்றும் நம்பினர்!

இதற்கு மருந்து எளிது. 50ஆ 60ஆ என்பதைத் தீர்மானிக்கும் சிறு இணைப்பு சுற்றுப்பலகையில் இருக்கிறது. அதை வெட்டி ஓர் ஆளியைப் பொருத்தினால், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். பழைய தொலைக்காட்சிகள் சிலவற்றில் 60க்குப் படம் உருளும். அப்போது ஆளியைத் திருப்பினால் தீர்ந்தது.

நிற்க. பையன் கேள்விப்பட்டிருந்தது வேறொரு வித்தை. எதிரிகள் திரையிலே திரளும்போது, அடுத்த படம் வருமுன் சில்லினாற் கணக்கை முடிக்க இயலாது, ஆட்டம் தள்ளாடும். சில்லுக்குத் தாளம் தரும் காலைத் தூக்கி, வேறொரு பளிங்கிலிருந்து 10 மெகாஹேட்ஸ் கொடுத்தால் அத்தள்ளாட்டம் குறையும். ஆனால், படத்தின் தாளம் மாறாதபடியால் முள்ளெலி ஓர் அடிகூட விரைந்து ஓடாது. சில்லோ கூடுதலாகச் சூடேறும். பாட்டெடுப்பவர் அளவுக்கு மீறி விரைந்தால் இழுப்பவர் கை கயிற்றை நழுவ விடுமல்லவா? அவ்வாறே நினைவகம் பின்தங்கி, படம் உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. முப்பது வயதை எட்டும் பெட்டிக்கு இது வேண்டாமென்றோம். அவனுக்குச் சிறிது ஏமாற்றந்தான்.

தாயாரின் சம்மதம் பெற்ற பின்னர், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, நம் மேசையிலேயே ஆளியைப் பொருத்தினான். பற்றாசு ஓரிடத்திற் சற்றுத் தடித்துவிட்டது, மற்றும்படி குறையில்லை.

அன்றிரவு அவர்கள் வீட்டிலே பெட்டியை இயக்கினோம். 60இல் முள்ளெலி பறந்தது, பையன் துள்ளினான். குசினியிலிருந்து அம்மையார் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் விளையாடேக்க பாட்டு இப்பிடி இருக்கேல்லையே."

பையன் நம்மைப் பார்த்தான். பிறகு ஆளியை 50க்குத் தள்ளினான். அம்மையார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.