கோழிக்கு உண்டு வானிலை அறிக்கை, குழந்தைக்கு?

மாசி பிறந்து சித்திரை முடிகிற வரைக்கும் எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று பருவம் வந்து போகும். விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். பதினொரு மணிக்கெல்லாம் மலைக்கோட்டைப் பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்துவிடும். சில நாள் சாயங்காலம் கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்து, ஒரு காற்று, ஒரு இடி, நாலு தூறல். குழந்தைக்கு எந்தத் துணியைப் போடுவது என்று எந்தத் தாய்க்குத்தான் குழப்பம் வராது?

காரணம் எளிதுதான். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடல் காற்று வந்து வெயிலைத் தணிக்கும். நமக்குக் கடல் எட்டாத தூரம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுவதால் காலையில் குளிர்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் மார்ச் மாதப் பகல் வெப்பம் சுமார் 36 டிகிரிக்குப் போகும். விடியற்காலையில் சுமார் 22 டிகிரிக்கு இறங்கும். காய்ந்த தரையின் சூட்டுக் காற்று மேலே எழும்பி, கடல் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்றோடு சேர்ந்து மேகமாய்க் குவிந்தால், மாலையில் இடியும் கோடை மழையும்.

எங்கள் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. 1985-ல் ஆரம்பித்த நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து, கோழிப் பண்ணைக்காரர்களுக்கென்றே வானிலை அறிக்கை வருகிறது. மழை உண்டா, வெயில் எவ்வளவு, கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்வார்கள். கோழிக்கு வியர்க்காது, வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீனி குறையும், முட்டை ஓடு மெலியும். அதனால் தண்ணீர் தாராளமாக இருக்கிறதா என்று பண்ணையில் நாளுக்கு நாலு தடவை பார்ப்பார்கள்.

குழந்தைக்கு அப்படித் தனி அறிக்கை கிடையாது. அம்மாதான் பார்த்துச் சொல்ல வேண்டும். வானத்தைப் பார்ப்பதைவிடக் குழந்தையின் உடம்பைப் பார்ப்பதே மேல்.

முதலில் கைக்குழந்தை. வெயில் ஏறியதும் வீட்டுப் பெரியவர்கள், "பச்சப் புள்ளைக்கு நாக்கு வறளும் கண்ணு, ஒரு பாலாடை தண்ணி ஊத்து" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு, எத்தனை வெயிலானாலும், தாய்ப்பாலே போதும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும். தண்ணீர் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கும் வரும். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுங்கள். தாகம் எடுக்க விடாமல் நீங்கள் தண்ணீர் குடியுங்கள். பெரியவர்களிடம் சண்டை வேண்டாம். "பால்லயே தண்ணி இருக்குதாமுங்க அத்தை, டாக்டரம்மா சொன்னாங்க" என்று பதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் அடிக்கடி கொடுக்கலாம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு நீர்மோரும் நல்லது. காலையில் போட்ட ஸ்வெட்டரைப் பத்து மணிக்குக் கழற்றிவிடுங்கள். வேர்த்த சட்டையோடு குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். உடம்பைத் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை மாற்றுங்கள். வேர்க்குருவுக்கு டப்பா டப்பாவாகப் பவுடர் கொட்ட வேண்டியதில்லை. அது குழந்தையின் மூச்சில் போகும்.

லீவு விட்டதும் ஏற்காடு போவோம். ஏரிக்கரையில் படகு விடாவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வேர்வையோடு வண்டியிலிருந்து இறக்கிக் காற்றில் நிறுத்தாமல், உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த மாதங்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் சகஜம். அப்போது உடம்பில் தண்ணீர் வற்றுகிற அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் வறண்டிருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, துவண்டு கிடக்கிறது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகிவிடும். "உச்சி விழுந்திருச்சு, தொக்கம் எடுத்தா சரியாயிரும்" என்று அலைந்து நேரத்தைப் போக்காதீர்கள். அது தண்ணீர் வற்றியதன் அடையாளம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகிற வழியிலேயே உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்தில் போட்டிருப்பதைப் படித்து, அந்த அளவிலேயே கரையுங்கள். பொட்டலம் இல்லாத நேரத்துக்கு: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து; கண் அளவில் போடாதீர்கள். கரைத்தது ஒரு நாளைக்குத்தான். டாக்டர் துத்தநாக மாத்திரை கொடுத்தால், போக்கு நின்றுவிட்டாலும் சொன்ன 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

வெயிலில் விளையாடிய குழந்தை உடம்பு கொதித்து, பேச்சு குழறி, மயங்கினால் நிழலுக்குத் தூக்கிப் போய், ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று, நமக்கே. இது வடாம், வற்றல் போடுகிற காலம். இடி கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறோமே, அதுதான் மின்னலுக்கு அகப்படுகிற இடம். மேகம் திரளும்போதே அள்ளிவிடுங்கள்; இடி கேட்டுவிட்டால் வடாம் நனையட்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். அரிசியும் ஜவ்வரிசியும் அடுத்த வாரமும் கடையில் கிடைக்கும்.