தட்டினா சத்தம் வரணும்யா!

எங்க ஏரியா பூங்காவுல குழந்தைங்க தட்டி விளையாட உலோகப் பட்டைகளை வரிசையா மாட்டியிருக்காங்க. ஆசையா பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். தட்டினா 'டொக்'. அவ்ளோதான். குனிஞ்சு பார்த்தா, ஒவ்வொரு பட்டையோட ரெண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்காங்க! அட புண்ணியவான்களா, முனை சுதந்திரமா அதிர்ந்தாத்தானே நாதம்? முனையிலேர்ந்து நீளத்துல சுமார் 22 சதவீதம் உள்ளே தள்ளி, அதிராத இடமா பார்த்து, ரப்பர் வெச்சுல்ல தாங்கணும்? சைலோபோன் செய்யறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்ங்க இது.

இதுல பக்கத்து பெஞ்சுப் பெரியவர் வேற, "நல்லதாப் போச்சு, இல்லேன்னா ஒரே இரைச்சல்"ங்கறார். சார், ஸ ரி க ப தன்னு அஞ்சு ஸ்வரம் மட்டும் (நம்ம மோகனம்தான்) வெச்சா, எந்தப் பிள்ளை எப்படித் தட்டினாலும் காதைக் குத்தாது. கார்ல் ஓர்ஃப் முறையில ம, நி பட்டைகளைக் கழட்டிட்டுத்தான் பிள்ளைங்க கையில குடுப்பாங்க. நெல்லையப்பர் கோவில்ல கல்தூணையே பாட வெச்ச நாட்டுல, இரும்பைப் பேச வைக்கத் துப்பில்ல!

கிளம்பறப்போ திறப்பு விழாத் தகரப் பலகையைத் தட்டினா பொண்ணு. கணீர்னு கேட்டுச்சு :-)